யாருமில்லை என்று கட்டிய நூல்

பழவேற்காடு,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு, பெற்றவள் சூசையம்மாள் நெஞ்சோடு அணைத்து எழுதுவது. கர்த்தர் தயவால் நானும் உன் நைனாவும் இந்தப் பஞ்சத்திலும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஞானதாஸும் குழந்தையும் கடல் தாண்டின அந்தப் பத்தாவியாவின் சகதிக் காய்ச்சல் அண்டாமல் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் ஜெபம். நைனாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை, ஆனாலும் கோட்டைத் தச்சுப் பட்டறைக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்கிறார், வேண்டாம் என்று சொன்னால் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், பேத்தி என்ற வார்த்தை மட்டும் அடுத்த தெருவில் சொன்னாலும் கேட்டுவிடுகிறது. குழந்தைக்கு உன் மாமியார் பெயரை வைத்துவிட்டாய், அதற்காக எனக்குக் கோபமும் இல்லை, மறதியும் இல்லை. தலைக்கு ஊற்றின பிறகு ஈரத்தோடு தூங்க விடாதே, உச்சியில் கொஞ்சம் சாம்பிராணிப் புகை காட்டு.

நம் உலாந்தாக் கோயில் பெண்களின் தருமச் சங்கம் எப்படி ஆரம்பித்தது, எப்படி நடத்துகிறீர்கள், பத்தாவியாவில் உள்ள தமிழ்ப் பெண்களும் அப்படி ஒன்று தொடங்க ஆசைப்படுகிறார்கள், விவரமாக எழுது என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து பெருமையாக ஒரு தாள் நிறைய எழுதினேன். அதைப் போன வாரம் அடுப்பில் போட்டுவிட்டேன். இப்போது எழுதுவது வேறு கடிதம், ஜெசிந்தா. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். இங்கே நடந்ததை நான் இன்னும் நம்ப முடியாமல்தான் இருக்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எங்கே தப்பிப்போனோம் என்று உனக்குத் தெரியும், ஆகவே பொறுமையாகப் படி.

நீ பால்குடிக் குழந்தையாக இருந்த வருஷம் ஒரு பெரிய புயல் அடித்து, கோட்டைக்குப்பத்துப் படகுகள் பாதி திரும்பவில்லை. தாலியறுத்த பெண்கள் பிள்ளைகளோடு நம் கோயில் மதில் ஓரம் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள், நம் சபையார் இல்லை, ஏழைப் பெட்டியில் விழுகிற தருமம் சபையாருக்குத்தான் என்று உதவிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது, என் கோபம் உனக்குத் தெரியாததா. அப்போது நாங்கள் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு பானையில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கஞ்சி காய்ச்சினோம். அவ்வளவுதான் சங்கம். அதற்கு மூப்பர்கள் கூடிப் பேசினார்கள், பெண்கள் தாங்களாகக் கூட்டம் கூடுவது முறையா என்று. கடைசியில் ஒரு மூப்பர் கூட இருந்தால் கூடலாம் என்று உத்தரவு வந்தது. எங்களுக்கு வாய்த்த உலாந்தா வெள்ளைக்கார மூப்பருக்குத் தமிழும் தெரியாது, தூக்கத்தை அடக்கவும் தெரியாது. அவர் நாற்காலியில் குறட்டை விட, நாங்கள் தீர்மானம் போடுவோம். அவரே போகப்போக எங்கள் மேல் பிரியமாகி, வீட்டிலிருந்து தன் மனைவியையும் அனுப்பிவைத்தார், அந்த அம்மாள்தான் இன்றைக்கும் எங்களுக்குத் தலைவி. நல்ல மனுஷி, தமிழைக் கடித்துக் கடித்துப் பேசினாலும் கஞ்சி அண்டாவைத் தானே துலக்குவாள்.

நூல் கட்டும் வழக்கம் பிறகு வந்தது. ஒரே பிள்ளை வரிசையில் இரண்டு தரம் வந்து வாங்கிப் போய்விடும், கடைசியில் நிற்கிறதுக்கு இல்லாமல் போகும். நம் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் நூலுக்கு வராது, தறிகளில் வெட்டிப்போடுகிற ஓரத்து நூல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். தாய் தகப்பன் உள்ள பிள்ளைக்குச் சாயவேர்ச் சிவப்பு, ஒருத்தரும் இல்லாத பிள்ளைக்கு அவுரி நீலம். மணிக்கட்டில் கட்டிவிடுவோம். சிவப்புக்கு ஒரு அகப்பை. நீலத்துக்கு இரண்டு அகப்பை, ராத்திரி கோயில் கொட்டகையில் படுக்க இடம். யாருமில்லாத பிள்ளைக்கு நாம்தானே தாய் என்று நினைத்துத்தான் அப்படி வைத்தோம், இதில் என்ன பாவம் வரும் என்று யாருக்குத் தோன்றும், சொல்.

இப்போது இரண்டு வருஷமாக மழையில்லை. முகத்துவாரம் மண் மூடிக்கொண்டது, ஏரி சுருங்கி உப்பேறி, மீன் வெள்ளை வெள்ளையாகச் செத்து ஒதுங்கியது. எளாவூர்ப் பாதையில் உள்நாட்டு ஜனங்கள் எலும்பும் தோலுமாக வந்துகொண்டே இருக்கிறார்கள். எங்கள் பிடி அரிசி எந்த மூலைக்கு? அப்போதுதான் கோயில் வாசலில் அரிசி மூட்டைகள் வந்து இறங்கின. யார் கொடுத்தது என்று கேட்டால் பேர் சொல்ல விரும்பாத ஒரு தருமவான் என்றான் இறக்கின ஆள். வாரா வாரம் வந்தது, ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி தினக் கஞ்சியானது. பேர் தெரியாத அந்தப் புண்ணியவானுக்காக நாங்கள் முழங்காலில் நின்று ஜெபம் செய்தோம், ஜெசிந்தா, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். அதை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

நமக்கு மீன் கொண்டுவருவாளே, கோட்டைக்குப்பத்து முனியம்மா, உனக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு கூடை இறாலைக் கொட்டிவிட்டுக் காசு வேண்டாம் என்று போனவள், அவள் புருஷன் போன ஐப்பசியில் கடலுக்குப் போனவன் வரவில்லை. அவளுக்குக் கோவிந்தம்மா என்று ஒரே பெண், ஏழு வயதிருக்கும், முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டே இருக்கும். முனியம்மா அந்தப் பெண்ணுக்கு, யாரு கேட்டாலும் யாருமில்லைனு சொல்லு, நீல நூலு கட்டுவாங்க, ரெண்டு அகப்பை கெடைக்கும்னு சொல்லிக்கொடுத்து வரிசையில் விட்டுவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். அவள் மட்டுமா, பாதித் தாய்மார்கள் அப்படித்தான் செய்தார்கள். எங்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கண்டுகொள்ளாமல் நீல நூலைக் கட்டினோம். இரண்டாவது அகப்பைக் கஞ்சியைப் பிள்ளை மதிலுக்கு வெளியே கொண்டுபோய்த் தாய்க்குக் கொடுக்கும், அதையும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வோம். எங்கள் தருமத்திலேயே நல்ல பகுதி அதுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

தை மாதம் துணித் தரகர் பொன்னுரங்கம் கூட்டத்துக்கு வந்தார். நீ பார்த்திருக்கிறாய், வெள்ளை அங்கியும் காதில் கடுக்கனுமாக, வார்த்தைக்கு வார்த்தை அம்மா அம்மா என்று பேசுகிறவர். அரிசி அனுப்புகிற தருமவானின் ஆளாக வந்திருக்கிறேன், தெற்கே அநாதைப் பிள்ளைகளுக்கு என்று ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள், மூன்று வேளைச் சோறு, படிப்பு, கூரை, நீலம் கட்டின பிள்ளைகளை அங்கே அனுப்பலாம் என்றார். எங்களுக்கு வாயெல்லாம் பல். அவர் கொட்டகையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, எங்கள் முன்னாலேயே ஒவ்வொன்றையும், உனக்கு யாராச்சும் இருக்காங்களா கண்ணு என்று கேட்டார். ஒவ்வொரு பிள்ளையும் தாய் சொல்லிக்கொடுத்தபடி, யாருமில்லை, யாருமில்லை என்று ஒரே ராகத்தில் சொன்னது. கோவிந்தம்மா இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நான் சிரித்தேன், ஜெசிந்தா. முனியம்மா அப்போது நண்டு தடவ பசியாவரம் தீவுக்குப் போயிருந்தாள். பரவாயில்லை, இந்தப் பெண் அங்கே போய் நாலு மாதம் வயிறாரச் சாப்பிடட்டும், மழை வந்ததும் தாய் கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று நானே அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டேன். அம்மா வந்தா சொல்லிடுவியா என்று கேட்டது அந்தக் குழந்தை. சொல்லாமல் இருப்பேனா என்றேன். பிள்ளைகளைப் படகில் ஏற்றும்போது சங்கமே கரையில் நின்று சங்கீதம் பாடினது.

முனியம்மா திரும்பி வந்ததும் நான்தான் ஓடிப்போய் நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னேன். அவளும் முதலில் சந்தோஷப்பட்டாள், அடி என் தங்கம், படிக்கப் போயிடுச்சா என்றாள். பக்கத்தில் பாரம் இறக்கிக்கொண்டிருந்த படகோட்டி குப்பன் இதைக் கேட்டுவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இன்னா யம்மா சொல்ற, தெக்கே ஏது, நான்தானே அந்தப் புள்ளைங்கள ஏத்திக்கினு போனேன், பத்தாவியாவுக்குப் போற கப்பல்லதான் ஏத்துனேன், கீழ்த்தளத்துல அடிமைங்க கூட ஒக்கார வெச்சாங்க, உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன், நீங்கதான் பாட்டுப் பாடி அனுப்பினீங்க என்றான். முனியம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இத்தனை வருஷம் வாழ்ந்ததில் என்னை ஒருத்தரும் அப்படிப் பார்த்ததில்லை.

நான் நின்ற கோலத்திலேயே பொன்னுரங்கத்தின் கிட்டங்கிக்குப் போய், அங்கிருந்த ஆட்கள் நடுவில், அடப்பாவி, பிள்ளைகளை விற்றாயா என்று கத்தினேன். அந்த மனுஷன் பயப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏன் கூவுறீங்கம்மா, ஊரெல்லாம் தெரியுமே, அரிசி என்னோடதுதான், சும்மா யாரு மூட்டை மூட்டையா குடுப்பாங்க, உறவு இருக்கிற பிள்ளைய ஏத்துனா நாளைக்கு யாராவது வந்து வழக்கு வெப்பாங்க, அதனாலதான் உங்க சங்கத்து நூலு கட்டினதை மட்டும் எடுத்தேன், யாருமில்லைனு நூலைக் கட்டுனது நீங்கதானே என்றார். பிள்ளைகளைத் தேடிப் பொறுக்கும் வேலையை அவருக்கு மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கிறோம். குளிப்பாட்டித் தலைவாரிக் கொடுத்திருக்கிறோம்.

அன்று சாயங்காலமே சங்கத்தைக் கூட்டினேன். தலைவி அம்மாள் கேட்டதும் நாற்காலியிலேயே சரிந்துவிட்டாள், தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது. ஒருத்தி மட்டும், பெயர் வேண்டாம், உனக்குத் தெரிந்தவள்தான், அங்கேயாவது சாப்பிடுமே, இங்கே இருந்தால் செத்திருக்குமே என்றாள். உன் பிள்ளைக்கு நீலம் கட்டட்டுமா என்று கேட்டேன். மீதி நூலையெல்லாம், சிவப்பையும் நீலத்தையும், அள்ளிக்கொண்டுபோய் எரித்தோம். கோட்டையில் பெரியவர்களிடம் முறையிட்டோம், கப்பல் போன பிறகு என்ன செய்ய என்றார்கள். தாய் உயிரோடு இருக்கிற பிள்ளையை விற்க முடியாது, சாட்சி இருந்தால் எந்தத் துறையிலும் மீட்கலாம் என்று உன் நைனா பட்டறையில் விசாரித்துக்கொண்டு வந்தார். அதனால் இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் வருகிறது. அதில் கோவிந்தம்மாவுக்கும் அவளோடு போன பிள்ளைகளுக்கும் தாய்மார்கள் உண்டு, நாங்கள் அறிவோம் என்று சங்கத்துப் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறோம். தலைவி அம்மாள் முதலில் வைத்தாள். மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு அதை அங்கேயுள்ள நம் சபை மூப்பர்களிடம் நீ கொண்டுபோக வேண்டும். அவர்கள் நாளைக்கு வா என்றால் வாசலை விட்டு நகராதே, என் வயிற்றில் பிறந்தவள்தானே நீ.

இதோடு நிற்கவில்லை. முந்தாநாள் முனியம்மா எங்கள் பிடி அரிசிக் கஞ்சி வரிசையில் வந்து நின்றாள். அவள் முறை வந்தபோது சட்டி நீட்டவில்லை, வெறும் கையை நீட்டினாள். எனக்கும் நீல நூலு கட்டு யம்மா, யாருமில்லாதவளுக்கு இன்னொரு கப்பல் நிக்குதாம், உங்க நூலு இல்லாம ஏத்த மாட்டேன்றாரு அந்தத் தரகரு, எம் பொண்ணு போன ஊருக்கு நானும் போறேன் என்றாள். போடி பைத்தியம் என்று விரட்டினேன். நேற்றுக் காலையில் வந்தாள். அடிமையாகப் போய் எங்கே கிடப்பாயோ, பிள்ளை எங்கே இருக்குமோ, ஒரே ஊரில் இருந்தாலும் கண்ணில் படாமல் போனால் என்ன செய்வாய் என்று கெஞ்சினேன். அவள் சொன்னாள், நீ கட்டலைனா இன்னொருத்தி கால்ல வுழுந்து கட்டிக்குவேன், நீ கட்டுனா அங்க இருக்கிற உம் பொண்ணு பேரைச் சொல்லி அனுப்புவே, அதுக்குத்தான் உங்கிட்ட வந்து நிக்கிறேன்.

கட்டினேன், ஜெசிந்தா. எரித்தது போக வீட்டில் பானை மூடியில் சுற்றிக் கிடந்த நூலை அவிழ்த்து, அவள் மணிக்கட்டில் நானே முடிச்சுப் போட்டேன். அந்தத் தாளில் இந்தப் பிள்ளைக்குத் தாய் உண்டு என்று சாட்சி சொல்லியிருக்கிறேன், அந்தத் தாயின் கையில் இவளுக்கு ஒருத்தரும் இல்லை என்று சாட்சி கட்டியிருக்கிறேன். சரியா தப்பா எனக்குத் தெரியவில்லை. நைனாவிடம் சொன்னேன், எழுந்து வெளியே போய்விட்டார். முனியம்மாவை எதிரில் உட்காரவைத்து உன் பெயர், மாப்பிள்ளை பெயர், உன் தெருவின் பெயர் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அந்த உலாந்தாத் தெருப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை, உன் பெயர் மட்டும் சுத்தமாகச் சொல்கிறாள்.

நீ சங்கம் தொடங்கு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிடி அரிசி எடுத்து வை, வருகிறவர்களுக்கு ஊற்று, இரண்டு தரம் வந்தாலும் ஊற்று, இல்லாமல் போனால் இல்லை என்று சொல். யாருடைய கையிலும் எந்த அடையாளமும் கட்டாதே. மூட்டையாக அரிசி வந்தால் அனுப்பினவன் முகத்தைப் பார்க்காமல் உலையில் போடாதே. கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் பேத்தியையும் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக, நீ தொட்டதெல்லாம் தழைக்கட்டும், உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை நைனாவின் பட்டறையிலிருந்து கப்பல் தச்சனாகப் போகிற வரதன் உன் கையில் கொடுப்பான். இனி சொல்லப்போவதை முதலிலேயே சொல்லியிருந்தால் எதற்கு என்று தெரியாமல் பாதியில் எழுந்து ஓடியிருப்பாய், அதனால் கடைசிக்கு வைத்தேன். வரதன் வருகிற அதே கப்பலின் கீழ்த்தளத்தில்தான் முனியம்மாவும் வருகிறாள். நீ இதைப் படிக்கிற இந்த நேரத்தில் அவளைக் கரையில் இறக்கி உட்காரவைத்திருப்பார்கள், அவள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பாள். இவளுக்கு யாராவது இருக்கிறார்களா என்று அங்கே கேட்பார்கள். அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஓடு. நான் இருக்கிறேன் என்று சத்தமாகச் சொல்.

உன்னைப் பெற்ற,
சூசையம்மாள்